புரோட்டான்–ஈயம் மோதல்களில் கோட்பாடு தரவோடு "பொருந்துகிறது" என்றால் என்ன பொருள்?

கேள்வி இது: "அதிவேகப் புரோட்டானை ஈய அணுக்கருவோடு மோதவிடும் சோதனைகளைப் பற்றிய கட்டுரைகளில், தரவுப் புள்ளிகளின் மேல் நாலைந்து கோட்பாட்டுக் கோடுகளைப் போட்டு 'நன்றாகப் பொருந்துகிறது' என்றோ 'பொருந்தவில்லை' என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை எவ்வளவு நம்பலாம்? நாமே சரிபார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?"

கோட்பாட்டுக்கும் தரவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் தொடங்குங்கள். இந்தத் துறையில் இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பது அரிது. இடையில் ஒரு ஒப்பீட்டுத் தரவு இருக்கும், அணுக்கருவின் வடிவத்தைக் கணக்கிடும் ஒரு மாதிரி இருக்கும், எந்த நிகழ்வுகளை, அதாவது பதிவான எந்த மோதல்களை, சேர்ப்பது என்ற ஒரு தேர்வு இருக்கும். பெரிய முரண்பாடு என்று பரபரப்பாகப் பேசப்பட்ட சில விஷயங்கள் கடைசியில் இந்த நடு அடுக்கில்தான் போய் நின்றன. பெரிய வெற்றி என்று பேசப்பட்ட சிலவும் அப்படித்தான்.

முதலில் இந்த மோதல்கள் எதற்காக நடத்தப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். இரண்டு கனமான அணுக்கருக்களை மோதவிட்டால், புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் விடுபட்டுக் கலந்த குவார்க்-குளுவான் பிளாஸ்மா உருவாகிறது. அதன் வழியே போகும் அதிக உந்தமுள்ள துகள்கள் ஆற்றலை இழக்கின்றன. ஆனால் துகள்களின் எண்ணிக்கை குறைவதற்குப் பிளாஸ்மாதான் காரணமா, அல்லது அணுக்கருவுக்குள் இருக்கும் குளுவான்களே ஆரம்பத்திலிருந்து குறைவா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ரிக் முடுக்கியில் 2003இல் டியூட்டெரான்–தங்கம் மோதல்களை நடத்தியது இதற்காகத்தான். டியூட்டெரான் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள சின்ன அணுக்கரு; தங்க அணுக்கரு அப்படியே இருக்கும், ஆனால் பெரிய பிளாஸ்மா எதிர்பார்க்கப்படவில்லை. தங்கம்–தங்கம் மோதலில் நாலைந்து மடங்கு குறைந்த துகள்கள் அங்கே குறையவில்லை. ஆக, குறைவுக்குக் காரணம் மோதலுக்குப் பிறகு உருவாகும் பொருள்தான் என்று தெளிவானது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள எல்எச்சி முடுக்கியில் அதே வேலையைச் செய்ய 2013 ஜனவரி, பிப்ரவரியில் புரோட்டான்–ஈயம் ஓட்டம் நடந்தது. புரோட்டானுக்கு 4 டிஇவி (ஆற்றல் அலகு; 1,000 ஜிஇவி), ஈயத்தில் ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 1.58 டிஇவி, நியூக்ளியான் இணைக்கு மொத்தம் 5.02 டிஇவி. 2016இல் அதே ஆற்றலிலும் 8.16 டிஇவியிலும் மறுபடி நடந்தது.

இரண்டு கற்றைகளின் ஆற்றலும் வேறு வேறு என்பதைக் கவனிக்கவும். இதனால் மோதலின் நிறைமையம் ஆய்வகத்தைப் பொறுத்து நகர்ந்துகொண்டிருக்கிறது: புரோட்டான் போகும் திசையில் 0.465 அலகு ராபிடிட்டி (கற்றைத் திசையிலான வேகத்தைக் குறிக்கும் அளவு). 208ஐ 82ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையில் பாதி எடுத்தால் இந்த எண் வந்துவிடும். கோட்பாட்டாளர் நிறைமையச் சட்டகத்தில் கணக்கிட்டிருப்பார், சோதனையாளர் ஆய்வகச் சட்டகத்தில் அளந்திருப்பார். இந்த 0.465ஐ எந்தத் திசையில் நகர்த்துவது என்பதில் குறி தவறினால், பொருந்தியிருக்க வேண்டிய கோடு பொருந்தாமல் போகும். ஈயமும் புரோட்டானும் வரும் திசைகளை ஓட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதால் இந்தக் குழப்பம் சுலபமாக வரும். இரண்டு நிமிட வேலைதான். ஆனாலும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அடுத்தது அணுக்கரு மாற்றக் காரணி. கட்டுரைகளில் அதிகம் பார்க்கும் படம் இதுதான். ஈயத்தோடு மோதும்போது கிடைத்த துகள் எண்ணிக்கையை, புரோட்டான்–புரோட்டான் மோதலில் கிடைத்ததை மோதல்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அணுக்கரு எதையும் மாற்றவில்லை என்றால் விடை 1. மேலே இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழே இருப்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு.

2013இல் எல்எச்சியிடம் 5.02 டிஇவியில் எடுத்த புரோட்டான்–புரோட்டான் தரவே இல்லை. 2.76, 7 டிஇவி போன்ற ஆற்றல்களில் எடுத்த தரவை வைத்து நடுவே இடைமதிப்புக் கணக்கிட்டார்கள். எல்எச்சியின் சோதனைக் குழுக்களில் ஒன்றான அலிஸின் முதல் முடிவில், குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) 2 ஜிஇவிக்கு மேல் விகிதம் 1ஐ ஒட்டியே இருந்தது. பின்னர் இன்னொரு குழுவான சிஎம்எஸ் 20 ஜிஇவிக்கு மேல் போய்ப் பார்த்தபோது விகிதம் 1.3, 1.4 வரை ஏறியது. கோட்பாட்டாளர்களுக்கு இது பெரிய தலைவலி. அணுக்கருவுக்குள் பார்ட்டான் பரவல் (குவார்க், குளுவான்கள் உந்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம்) மாறுவதால் அந்தப் பகுதியில் சிறிய உயர்வு வரலாம். ஆனால் 40 சதவீதம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஜெட்களை, அதாவது ஒரே திசையில் பாயும் துகள் கற்றைகளை, அளந்தபோது அதே அளவு உயர்வு தெரியாதது குழப்பத்தைக் கூட்டியது. 2015 நவம்பரில் எல்எச்சி 5.02 டிஇவியிலேயே புரோட்டான்–புரோட்டான் மோதல்களை நடத்தியது. இடைமதிப்பை எடுத்துவிட்டு நேரடியாக அளந்த தரவைக் கீழே போட்டதும் உயர்வு பெரும்பாலும் கரைந்து, 10 முதல் 20 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அது பார்ட்டான் பரவல் கணக்குகளோடு ஒத்துப்போகக்கூடிய அளவு.

இதில் யாரும் தப்புச் செய்யவில்லை. இடைமதிப்பின் பிழை வரம்பை முதல் கட்டுரையிலேயே பட்டையாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் பட்டை எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரே பக்கம் நகர்த்தக்கூடியது என்பதைத்தான் படித்தவர்களில் பலர் மனத்தில் வைக்கவில்லை. புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக 1க்கு மேலே வரிசையாக நின்றால் கண்ணுக்கு அது பெரிய விளைவாகத் தெரியும். எல்லாம் ஒரே வகுஎண்ணின் பிழையாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த "மோதல்களின் எண்ணிக்கை". இதைக் கிளாபர் மாதிரி தருகிறது. ஈய அணுக்கருவின் அடர்த்திப் பரவலை எடுத்து, நியூக்ளியான்களை அதன்படி தூவி, புரோட்டான் எத்தனை நியூக்ளியான்களைத் தட்டிக்கொண்டு போகிறது என்று எண்ணுவார்கள். எல்லா மோதல்களையும் சேர்த்த சராசரி வேண்டுமென்றால் கணினிகூடத் தேவையில்லை. நியூக்ளியான்–நியூக்ளியான் குறுக்குவெட்டு (மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு) சுமார் 70 மில்லிபார்ன். புரோட்டான்–ஈயக் குறுக்குவெட்டு சுமார் 2,100 மில்லிபார்ன். 208 × 70 ÷ 2,100 என்று போட்டால் 6.9 வருகிறது. அலிஸ் பயன்படுத்தும் சராசரியும் இதுதான். புரோட்டானையும் சேர்த்தால் மோதலில் பங்கெடுக்கும் நியூக்ளியான்கள் சராசரியாக 7.9. நடுப்பகுதியில் ஒரு அலகு சூடோராபிடிட்டிக்கு (துகள் பறக்கும் கோணத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் அளவு) 16.81 மின்னூட்டத் துகள்கள் என்று அலிஸ் அளந்தது; பிழை வரம்பு 0.71. பங்கெடுக்கும் ஒரு நியூக்ளியானுக்கு இரண்டுக்குச் சற்று மேல்.

இந்த 16.81 நல்ல உதாரணம், ஏனென்றால் இங்கே முன்கணிப்புகள் தரவுக்கு முன்பே கையில் இருந்தன. பெரும்பாலான மாதிரிகள் 20 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லியிருந்தன. இரண்டு நியூக்ளியான் மோதலுக்குப் பழகிய கணக்கை ஏழு மோதல்களுக்கு நீட்டி இவ்வளவு நெருங்கியது சாதாரண விஷயமில்லை. ஆனால் குளுவான் செறிவுநிலையை (குளுவான்கள் மிக நெருக்கமானதும் அவற்றின் பெருக்கம் மட்டுப்படும் நிலையை) அடிப்படையாகக் கொண்ட மாதிரிகள், ஈயத்தின் திசையில் துகள் எண்ணிக்கை தரவில் தெரிவதைவிடச் செங்குத்தாக ஏறும் என்று சொல்லியிருந்தன. உடனே "செறிவுநிலைக் கோட்பாடு தோற்றது" என்று பேச்சு வந்தது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் கோட்பாடு தருவது குளுவான்களை, அதுவும் ராபிடிட்டியில். சோதனை அளப்பது பையான், கேயான், புரோட்டான் எல்லாம் கலந்த துகள்களை, அதுவும் சூடோராபிடிட்டியில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் காரணியில் துகளின் நிறையும் உந்தமும் வருகின்றன. அவை என்ன என்று கோட்பாடு சொல்வதில்லை; ஊகித்துப் போட வேண்டும். அந்த ஊகத்தைக் கொஞ்சம் மாற்றினாலே சரிவு தணிகிறது என்று பின்னர் காட்டினார்கள். ஆகவே சோதிக்கப்பட்டது செறிவுநிலை மட்டுமல்ல, அதோடு ஒட்டியிருந்த ஒரு மாற்றுக் காரணியும்தான்.

நிகழ்வுத் தேர்விலும் இதே கதை. அந்த 16.81 என்பது மோதிய இரண்டில் ஒன்று மட்டும் சிதைந்து மற்றது முழுதாகத் தப்பும் நிகழ்வுகளை (சிங்கிள் டிஃப்ராக்டிவ்) நீக்கிய பிறகு கிடைத்த எண். உங்கள் மாதிரி எல்லா மீட்சியற்ற மோதல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் சில சதவீதம் வித்தியாசம் அங்கேயே வந்துவிடும்.

மையத்தன்மைக்கு, அதாவது மோதல் எவ்வளவு நேருக்கு நேர் நடந்தது என்பதற்கு, வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. ஈயம்–ஈயம் மோதலில் துகள் எண்ணிக்கை அதிகம் என்றால் மோதல் நேருக்கு நேராக நடந்தது என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். புரோட்டான்–ஈயத்தில் முடியாது. ஏழு மோதல்களும் அதிகத் துகள்களைத் தரலாம், மூன்றே மோதல்கள் தற்செயலாக அதே அளவு துகள்களைத் தரலாம். அதிகத் துகள் உள்ள நிகழ்வுகளை மட்டும் பொறுக்கினால், வடிவவியலோடு சேர்த்து, வழக்கத்தைவிட வீரியமாக நடந்த நியூக்ளியான் மோதல்களையும் பொறுக்குகிறோம். குறைவான துகள் உள்ள பக்கத்தில் நேர்மாறு: ஒரு ஜெட் உருவாகியிருந்தால் அந்த நிகழ்வு துகள் எண்ணிக்கையால் வேறு வகுப்புக்குப் போயிருக்கும், அதனால் இந்த வகுப்பில் ஜெட்களே குறைவாகத் தெரியும். அலிஸ் குழு இதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, மையத்தன்மை வாரியான விகிதத்துக்குப் பழைய பெயரை வைக்காமல் வேறு எழுத்தையே வைத்தது. அதில் தேர்வுச் சாய்வும் கலந்திருக்கலாம் என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்வதற்காக. கற்றைத் திசையில் பறந்துபோகும் நியூட்ரான்களின் ஆற்றலைக் கொண்டு வகுப்புகளைப் பிரிக்கும் மாற்று வழியையும் முயன்றார்கள். அதில் சாய்வு குறைகிறது.

இந்த வகைப் படத்தை எதிர்கொண்டால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: மாதிரியும் அதே தேர்வின் வழியாகப் போனதா? நிகழ்வு நிகழ்வாக உருவாக்கும் மாதிரி என்றால், சோதனையாளர் வகுப்புப் பிரித்த அதே கோணப் பகுதியில் துகள்களை எண்ணி, அதே முறையில் வகுப்புப் பிரிக்க முடியும். அப்படிச் செய்யாமல், "0 முதல் 5 சதவீதம்" என்ற அதிகத் துகள் வகுப்பை மோதல் விலகலாக (இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரமாக) நேரடியாக மொழிபெயர்த்துக் கோடு வரைந்திருந்தால், அந்தப் பொருத்தத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பொருத்தமின்மையையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிழை வரம்புகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். சோதனையாளர்கள் போடும் பிழைக்கோடு வழக்கமாக 68 சதவீத நம்பிக்கை அளவு. அணுக்கருப் பார்ட்டான் பரவல்களில் பரவலாகப் பயன்படும் ஈபிபிஎஸ்16 தொகுப்பின் பட்டை 90 சதவீத அளவு. இரண்டையும் ஒரே படத்தில் அப்படியே போட்டால் கோட்பாட்டின் பட்டை 1.645 மடங்கு தாராளமாக இருக்கும். பொருந்தாத புள்ளிகூட உள்ளே விழுந்துவிடும். சில கோட்பாட்டுக் கோடுகளுக்குப் பட்டையே இருக்காது. அது மிகத் துல்லியமான கோடு என்று பொருளில்லை, பிழையை யாரும் கணக்கிடவில்லை என்றுதான் பொருள்.

அப்புறம், எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாக நகர்த்தும் பிழைகள். லூமினாசிட்டி (கற்றைகள் எவ்வளவு மோதல் வாய்ப்பைத் தந்தன என்ற அளவு) அளவீட்டுப் பிழை, மோதல் எண்ணிக்கைப் பிழை எல்லாம் இந்த வகை. படத்தில் 1க்கு அருகே ஓரத்தில் தனியாக ஒரு சின்னப் பெட்டி போட்டிருப்பார்களே, அதுதான். இதைச் சாதாரணப் பிழையைப் போலப் புள்ளிக்குப் புள்ளி கூட்டிவிட்டால் கை-வர்க்கம் (கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள விலகலைப் பிழையோடு ஒப்பிடும் எண்) செயற்கையாகக் குறைந்து, எல்லாம் பொருந்துவதாகத் தோன்றும். சரி, எந்தப் பிழைகள் சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் உடன்தொடர்பு அணியில் முறையாகப் போட்டுவிட்டால் போதுமா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அணுத் தரவுத் துறையில் இதற்குப் பீல் புதிர் என்று பெயர். ஒரே அளவை இரண்டு முறை அளந்ததில் 1.5, 1.0 என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை 10 சதவீதம், இரண்டுக்கும் பொதுவான பெருக்கல் பிழை 20 சதவீதம். அளந்த மதிப்புகளை வைத்தே அணியை அமைத்து மீச்சிறு வர்க்க முறையில் சிறந்த மதிப்பைத் தேடினால் விடை 0.88. இரண்டு அளவீடுகளுக்கும் கீழே! பேப்பரில் போட்டுப் பாருங்கள். எதிர்க்குறி எடை ஒன்று வருவதைப் பார்ப்பீர்கள். காரணம் இதுதான்: பெருக்கல் பிழையை அளந்த மதிப்பின் சதவீதமாக எடுத்தால், சிறிய மதிப்புக்குச் சிறிய பிழை கிடைக்கிறது, பொருத்தம் கீழே இழுக்கப்படுகிறது. பெருக்கல் பிழையைக் கோட்பாட்டு மதிப்பின் சதவீதமாக எடுப்பதோ, இயல்பாக்கத்தை (எல்லாப் புள்ளிகளையும் பெருக்கும் பொது எண்ணை) ஒரு தனி அளவுருவாக விட்டு, அது 1இலிருந்து விலகினால் தண்டம் போடுவதோ சரியான வழி.

இத்தனையும் சரியாக இருந்து, கோடு உண்மையிலேயே புள்ளிகள் மேல் போகிறது என்று வையுங்கள். அப்போது கேட்க வேண்டியது, வேறு எந்தக் கோடும் அதே இடத்தில் போகிறதா என்பது. சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்த ஜே/சை துகள் இதற்குச் சரியான பாடம். புரோட்டான் திசையில், முன்னோக்கிய கோணங்களில் அதன் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று அலிஸும் எல்எச்சியின் மற்றொரு குழுவான எல்எச்சிபியும் 2013இல் காட்டின. குளுவான் பரவலில் நிழல் விளைவு (அணுக்கருவுக்குள் குறைந்த உந்தக் குளுவான்கள் குறைவது) என்று ஒரு விளக்கம். அணுக்கருவைக் கடக்கும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பு என்று இன்னொரு விளக்கம். செறிவுநிலை என்று மூன்றாவது. முதலில் வந்த செறிவுநிலைக் கணக்கு தேவைக்கு மேல் குறைத்துவிட்டது. ஈயத்தின் அடர்த்தியை ஒரே பெருக்கல் எண்ணாக வைக்காமல் கிளாபர் வடிவவியலோடு இணைத்துச் செய்த பிந்தைய கணக்கு தரவுக்கு நன்றாகவே நெருங்கியது. கடைசியில் மூன்று இயற்பியலும் ஒரே புள்ளிகளை விளக்குகின்றன. அந்தத் தரவால் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிக்க உதவியது சை(2எஸ்): அதே குவார்க் இணை, பலவீனமான பிணைப்பு. நிழல் விளைவும் ஆற்றல் இழப்பும் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பாதிக்க வேண்டும். தரவில் சை(2எஸ்) தெளிவாக அதிகம் குறைந்தது. ஆகவே துகள் உருவான பிறகு சுற்றியுள்ளவற்றோடு ஏதோ நடக்கிறது என்று சொல்ல முடிந்தது.

சார்ம் குவார்க் ஒன்றைக் கொண்ட டி மேசான்களில் இன்னொரு கவனம் தேவை. எல்எச்சிபி முன்னோக்கிய கோணத்தில் அளந்த டி மேசான்கள், ஈயத்துக்குள் உந்தப் பங்கு ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சிறிய குளுவான்களைத் தொடுகின்றன. அந்தப் பகுதியில் வேறு தரவு மிகக் குறைவு. அதனால் ஈபிபிஎஸ்21, என்என்என்பிடிஎஃப்3.0 போன்ற புதிய தொகுப்புகள் அந்த அளவீட்டைத் தங்கள் பொருத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டன. நியாயமான முடிவுதான். ஆனால் அந்தத் தொகுப்பின் கோட்டை அதே டி மேசான் புள்ளிகள் மேல் போட்டு "அருமையாகப் பொருந்துகிறது" என்றால் அதில் புதிய தகவல் எதுவும் இல்லை. இபோஸ்-எல்எச்சி போன்ற நிகழ்வு உருவாக்கிகளிலும், எந்தத் தரவுக்கு அளவுருக்களைச் சரிசெய்தார்கள் என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். உண்மையான சோதனை என்றால், வலுவான விசையில் மேலும் சிக்காத நேரடி ஃபோட்டான்கள் போன்றவற்றை அதே பகுதியில் அளக்க வேண்டும். அலிஸில் திட்டமிட்டிருக்கும் முன்னோக்கிய கலோரிமீட்டரின் முக்கிய நோக்கம் இதுவே.

ஒப்பீட்டை முன்கூட்டியே திட்டமிட்டுச் சோதனை செய்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு ரிக்கில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. 2012 செப்டம்பரில் சில மணி நேரமே நடந்த எல்எச்சி முன்னோட்ட ஓட்டத்திலேயே, சூடோராபிடிட்டியில் வெகுதூரம் தள்ளியிருக்கும் துகள்கள், கற்றையைச் சுற்றிய கோணத்தில் ஒரே திசையில் சேர்ந்து வரும் "ரிட்ஜ்" அமைப்பைச் சிஎம்எஸ் கண்டது. திரவ ஓட்டக் கணக்கும் அதை விளக்கியது, ஆரம்ப நிலைக் குளுவான் புலங்களும் விளக்கின. பிரிப்பதற்காக ரிக்கில் தங்கத்தோடு புரோட்டானையும் டியூட்டெரானையும் ஹீலியம்-3ஐயும் தனித்தனியே மோதவிட்டார்கள். ஒன்று வட்டம், ஒன்று நீள்வட்டம், ஒன்று முக்கோணம். திரவம் உண்மையென்றால் ஆரம்ப வடிவம் துகள்களின் கோணப் பரவலில் தெரிய வேண்டும். ஃபீனிக்ஸ் குழு 2019இல் வெளியிட்ட முடிவில் நீள்வட்ட ஓட்டமும் முக்கோண ஓட்டமும் திரவக் கணக்கு சொன்ன வரிசையிலேயே இருந்தன.

ஆனால் ஸ்டார் குழு அதே மூன்று அமைப்புகளை அளந்தபோது முக்கோண ஓட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இரண்டு குழுக்களும் துகள்களை இணைத்துப் பார்த்த சூடோராபிடிட்டி இடைவெளிகள் வேறு வேறு. ஒரே பெயர், ஒரே குறியீடு, ஆனால் அளந்தது முழுக்க ஒன்றல்ல. நடுப்பகுதியிலிருந்து தள்ளிப் போகப் போகத் துகள் கூட்டத்தின் திசையே மாறுகிறதா, புரோட்டானுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கங்கள் முக்கோணத்தை மறைக்கின்றனவா என்பதெல்லாம் இதில் கலந்திருக்கிறது. ஒரு திரவக் கணக்கு எந்தக் குழுவோடு ஒப்பிடப்பட்டது என்று பார்க்காமல் "திரவம் வென்றது" என்று யாராவது எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமென்றால் படத்திலிருந்து புள்ளிகளைக் கண்ணால் எடுக்க வேண்டாம். ஹெப்டேட்டா தளத்தில் பெரும்பாலான அளவீடுகளின் எண்கள், பிழை வகைகள் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. நிகழ்வு உருவாக்கி என்றால் ரிவெட் கருவியில் பல அளவீடுகளின் தேர்வு விதிகள் நிரலாகவே இருக்கின்றன. எது முதன்மைத் துகள், எந்தச் சிதைவுகளை நீக்க வேண்டும் என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. இயல்பாக்கத்தைத் தனி அளவுருவாக விட்டுப் பொருத்துங்கள். பிறகு அதை 1இல் பூட்டி இன்னொரு முறை பொருத்துங்கள். இரண்டு கை-வர்க்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டபோது கோடு அழகாகப் பொருந்தி, அதற்காக இயல்பாக்கம் தன் பிழை வரம்பைப்போல இரண்டு மூன்று மடங்கு நகர்ந்திருந்தால், கோட்பாடு சரியாகச் சொன்னது வடிவத்தை மட்டும்தான், அளவை அல்ல. கட்டுரையில் அந்த நகர்வு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால் உங்கள் கணக்கில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆசிரியர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.